முக்காலியில் தொங்கிய எஞ்சின்

என் காரின் எஞ்சினைக் கெடுத்தது நான்தான். ரேடியேட்டர் ஹோஸ் பழசாகியிருந்தது, வெயில் கடுமை, வண்டிக்கும் பதினாறு வயதாகிவிட்டது என்றெல்லாம் பிறகு எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். ஹோஸ் வெடித்தது என் தப்பில்லை. வெடித்த பிறகும் ஓட்டியது என் தப்பு.

ஏப்ரல் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, துடியலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரமடையைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். பள்ளியில் கணக்கு டீச்சர் நான். இந்தச் சின்னக் கணக்குத் தெரியாதவள் இல்லை.

ஆனால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நான் கதவைத் திறந்து, காலிப்பர் என்னும் இரும்புத் தாங்கி மாட்டிய வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, ஊன்றுகோலை எடுத்து எழுந்து நிற்பதற்குள் நாலு பைக்குகள் நின்றுவிடும். "அய்யோ, கால் முடியாத அம்மாங்க" என்று யாராவது ஒரு நாற்காலி கொண்டுவருவார்கள். நல்ல மனிதர்கள்தான். சின்ன வயதில் போலியோ வந்த நாளிலிருந்து நல்ல மனிதர்களிடம் எத்தனையோ நாற்காலிகள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இன்னொரு நாற்காலியில் உட்கார எனக்கு மனமில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் தெரிந்தவரின் பெட்ரோல் பங்க் இருந்தது. அதுவரை போய்விடலாம் என்று ஓட்டினேன்.

பங்க் வாசலில் வண்டி தானாகவே நின்றது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் சுற்றவேயில்லை.

என் கார் மற்றவர்கள் கார் மாதிரி இல்லை. என் இரண்டு காலிலும் பெடலை மிதிக்கும் பலம் கிடையாது. அதனால் கிளச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் கைக்கு வந்திருக்கும். கியர்க் கம்பியில் பைக் கிளச் போல ஒரு பிடி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு நெம்புகோல், பக்கத்தில் பிரேக்குக்கு ஒரு தண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உக்கடம் பக்கத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய் எனக்காகவே அளவெடுத்துச் செய்துகொடுத்தது அது. என் கை நீளம், விரல் எட்டும் தூரம், தோளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதெல்லாம் பார்த்து மூன்று முறை மாற்றிச் செய்தார். ஆர்டிஓ ஆபீஸில் காட்டி ஆர்சி புத்தகத்திலும் ஏற்றியாகிவிட்டது. வேறு கார் வாங்கினால் அத்தனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். என் பள்ளி இருப்பது காரமடையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில். அங்கே போகும் டவுன் பஸ்ஸின் படி எனக்கு ஏறக்கூடிய உயரத்தில் இல்லை.

இழுவை வண்டியில் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் பாய் வந்து பார்த்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவி என்னிடம் காட்டினார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"தண்ணி கலந்துபோச்சு டீச்சரம்மா. எஞ்சின் பிளாக்கு விரிசல் விட்டிருக்கோணும்."

"ஒட்ட முடியாதுங்களா பாய்?"

"ஒட்டலாமுங்க. ஆனா நீங்க தன்னந்தனியா ஓட்டற வண்டி இது. ஒட்டுப்போட்ட எஞ்சினைக் குடுத்துப்போட்டு நான் நிம்மதியாச் சோறு திங்க முடியாது." கையைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார். "இதே வண்டி ஒண்ணு பின்னாடி அடிபட்டு வந்துச்சு. அதோட எஞ்சின் எங்கிட்டக் கிடக்குது. அதைப் பூராப் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, பிஸ்டன் பேரிங் எல்லாம் புதுசு போட்டுத் தாரேன். ஆனா மாட்டறதுக்கு என்னால வர முடியாதுங்க. மே மாசக் கடைசியில கண்ணு ஆபரேஷன். குனியப்படாது, எடை தூக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. பட்டறைப் பசங்களுக்கு லேத்து வேலைதான் தெரியும்."

மாட்டுவதற்கு ஆள் தேடினோம். நான்கு ஒர்க்ஷாப்களில் கேட்டோம். எஞ்சின் மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. காருக்குள் தலையை விட்டு அந்தக் கைப்பிடிகளைப் பார்த்ததும்தான் பின்வாங்கினார்கள். "இந்தக் கேபிளையெல்லாம் நாங்க கழட்டி மாட்டி, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார் ஒருவர். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது.

என் கணவர் துடியலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஸ்பேனர் எது, ஸ்க்ரூடிரைவர் எது என்பது தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவர் தன் தங்கையோடு போனில் பேசியபோது ஏதோ பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் எனக்கு அழைப்பு வந்தது.

"நங்கை, நான் வந்து மாட்டித் தாரேனுங்க."

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். என் நாத்தனார் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறாள். அவள் கணவர் நூல் வாங்குவது, துணி கொடுப்பது என்று வெளிவேலையைப் பார்த்துக்கொள்ள, பன்னிரண்டு தறிகளையும் இவள்தான் பார்க்கிறாள். தறி நின்றுபோனால் மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பும் வழக்கமெல்லாம் கிடையாது. அவளே படுத்து, அவளே கழற்றி, அவளே மாட்டுவாள்.

"அம்மணி, இது கார் எஞ்சினாச்சே" என்றேன்.

"இரும்புதானுங்க? கழட்டற மொறையிலயே திருப்பி மாட்டினா ஆச்சு. தெரியாததை பாய்கிட்டக் கேட்டுக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, இவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அண்ணனுக்கு இந்த இடம் வேண்டாமுங்க அம்மா." அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. அண்ணன் கேட்கவில்லை, கல்யாணம் நடந்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம். "வாங்க", "சாப்பிடுங்க", "போயிட்டு வாரேனுங்க" எல்லாம் முறையாக நடக்கும். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்த 'ங்க' ஒன்று போதும்; மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் ஒருவரை ஆயுசு முழுக்க வாசலிலேயே நிறுத்திவைக்கலாம்.

அவளிடம் உதவி வாங்குவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு பெரியநாயக்கன்பாளையம் ஞாபகம் வந்தது. யாரிடமும் உதவி வாங்கக்கூடாது என்று ஓட்டித்தானே இந்த வினை. "வா அம்மணி" என்று சொல்லிவிட்டேன்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஒரு சின்னச் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு சாக்கு நிறைய ஸ்பேனர், தறிக்குடோனில் பாவு உருளை தூக்கும் செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி. புடவைக்கு மேலே கணவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். எஞ்சின் முந்தின நாளே வந்திருந்தது. போர்டிகோவில் பழைய டயர் ஒன்றின் மேல், சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

செயின் பிளாக்கை எதில் தொங்கவிடுவது என்பது அடுத்த கேள்வி. போர்டிகோவின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை நம்ப வேண்டாமுங்க" என்றாள். எங்கள் தெருவிலேயே போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர் இருக்கிறார். ஆழ்குழாயிலிருந்து மோட்டாரைத் தூக்க மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்த ஒரு முக்காலி வைத்திருப்பார். என் கணவர் போய்க் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை மாலைவரை தனக்குத் தேவையில்லை என்று கொடுத்தனுப்பினார்.

காரை வாசல் சிமெண்டுத் தரையில் தள்ளி நிறுத்தி, அதன் மூக்குக்கு மேலே முக்காலியை விரித்தோம். 'விரித்தோம்' என்று சொல்கிறேனே தவிர, நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க அப்படி ஓரமா உட்காந்துக்குங்க நங்கை" என்று அவள்தான் போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

கழற்றும் வேலை மத்தியானம்வரை நடந்தது. பேட்டரி, பானெட் மூடி, ரேடியேட்டர், ஹோஸ்கள், பெட்ரோல் குழாய்கள், சைலன்சர் குழாய், சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகள். என் கணவர் கடையிலிருந்து ஒரு கட்டு மருந்துக் கவர்கள் கொண்டுவந்திருந்தார். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருக்குமே, அந்தச் சின்னக் காகிதக் கவர்கள். கழற்றின போல்ட்டை ஒவ்வொன்றாக அதில் போட்டு, மேலே எழுதி, வரிசையாகத் திண்டில் அடுக்கினார். ஒயர்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார்.

"அண்ணா, இதென்ன 'சாப்பாட்டுக்குப் பின்'னு டிக் போட்டிருக்கறீங்க?" என்றாள் அவள்.

"அது எஞ்சினை எறக்கின பிறகு மாட்ற போல்ட்டு பாப்பா. முன்னாடி மாட்றதெல்லாம் 'சாப்பாட்டுக்கு முன்'."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேலை தொடங்கிய பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கைப்பிடிக் கேபிள்களைக் கழற்றும் முறை வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். "இது உங்களுக்குத்தான் தெரியும். உள்ள ஏறி உட்காந்து சொல்லுங்க. எந்தெந்தப் பிடி எவ்வளவு தளர்வா இருந்துச்சு?" நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினேன். அவள் கேபிளின் நட்டு நின்ற இடத்தில் கண்மையால் கோடு போட்டு, எனக்கும் காட்டி, என் வாயால் சரி என்று கேட்ட பிறகுதான் கழற்றினாள்.

மத்தியானம் இரண்டு மணிவாக்கில் பழைய எஞ்சின் கியர்பாக்ஸோடு சேர்ந்து மேலே எழும்பத் தொடங்கியது. அவள் செயினை இழுக்க இழுக்க, ஒவ்வொரு பல்லாக, கடகடவென்று ஏறியது. என் கணவர் எஞ்சின் ஆடாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். இருவர் கண்ணும் எஞ்சின் மேலேயே இருந்தது. நான் ஸ்டூலில் தாழ உட்கார்ந்திருந்ததால் என் கண் தரைமட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிமெண்டுத் தரையில் முக்காலியின் பின்கால் ஒரு விரல்கடை நகர்ந்ததைப் பார்த்தேன். இன்னொரு விரல்கடை.

"எறக்கு! எறக்கு அம்மணி, காலு வழுக்குது!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் ஏன் என்று திரும்பிக் கேட்கவில்லை. "அண்ணா, கையை எடுங்க!" என்றபடி செயினை மறுபக்கம் மாற்றி இழுத்தாள். எஞ்சின் ஒரு சாண் ஆடி, காரின் மூக்கில் ஒருமுறை மோதி, மெல்ல இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் மூன்று பேரும் மூச்சு விட்டோம். என் கணவரின் கை அரை நிமிஷத்துக்கு முன்னால் இருந்த இடத்தை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அவள் தோட்டத்திலிருந்து தேங்காய்நார்க் கயிறு எடுத்துவந்து, முக்காலியின் மூன்று கால்களையும் அடியில் சுற்றி இழுத்துக் கட்டினாள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஈரச்சாக்கு வைத்தாள். பிறகு என் ஸ்டூலைத் தானே தூக்கி, முக்காலிக்கு நேர் எதிரே, ஆனால் எஞ்சின் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் கொண்டுவந்து போட்டாள்.

"இனி நீங்க இங்கதான் உட்காரோணும். நாங்க மேல பாக்கறோம், நீங்க கீழ பாருங்க. நீங்க சொன்னாத்தான் நான் செயினைத் தொடுவேன்."

இரண்டாவது தடவை எஞ்சின் ஒழுங்காக வெளியே வந்தது. காரைப் பின்னால் தள்ளி, எஞ்சினைத் தரையில் இறக்கினோம். காரின் முன்பக்கம் பல் பிடுங்கின வாய் மாதிரி காலியாக இருந்தது.

காபி குடித்துக்கொண்டிருந்தோம். என் கணவர் கடைக்கு ஒரு எட்டுப் போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எஞ்சினை விட்டுக் கொஞ்ச நேரம் விலகியிருக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். அவள் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நங்கை, உங்களைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, இந்த இடம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். கேட்டுச்சு."

அவள் கை அப்படியே நின்றது. "இத்தன வருசமாத் தெரியுமா?"

"ம்."

"அண்ணன் ஆயுசு முழுக்க உங்களைத் தூக்கிச் சுமந்துட்டே இருக்கோணும்னு நெனச்சேனுங்க. அப்படித்தான் நெனச்சேன், பொய் சொல்லல. அப்பறம் பாத்தா, அவரு பைக்குல உழுந்து கையை ஒடச்சுக்கிட்டப்ப, மூணு மாசம் நீங்கதான் கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தீங்க. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கோணும். வாய் வரல. வருசம் ஆக ஆகச் சொல்றதுக்கு வெக்கமாப் போச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போதும் எனக்குச் சரியாக நினைவில்லை. 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லவில்லை; அது எனக்கு ஒருநாளும் பரவாயில்லை என்று இருந்ததில்லை. "நானும் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்" என்று சொன்னதாக ஞாபகம். அவள் மன்னிப்புக் கேட்டதைவிட, நான் கற்பனை செய்துகொள்ளவில்லை, அது நிஜமாகவே நடந்தது என்று அவள் வாயால் வந்ததுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. நீண்ட நாள் காதுக்குள் இருந்த ஒரு பூச்சி வெளியே வந்த மாதிரி. அவள் கையைத் துணியில் துடைத்தாள். பிறகு அவள், "காபி இன்னொரு டம்ளர் இருக்குதுங்களா?" என்றாள். இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டும் வேலை. பழைய எஞ்சினிலிருந்து பிரித்த கியர்பாக்ஸைப் புது எஞ்சினோடு சேர்க்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல்வைத்த தண்டு, கிளச் தட்டின் நடுத்துளைக்குள் நேராக நுழைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் நுழையாது. அவளும் என் கணவரும் கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்து அரைமணி நேரம் முயன்றார்கள். ஒரு விரல் இடைவெளியோடு நின்றுகொண்டே இருந்தது.

"போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்தறலாமா பாப்பா?" என்றார் என் கணவர்.

"வேண்டாமுங்கண்ணா. பாய் தலையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. முறுக்கினா தட்டு ஒடஞ்சுபோகும்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து வேலை செய்வது எனக்கு நிற்பதைவிடச் சுலபம். இருவரையும் எடையை மட்டும் தாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எஞ்சின் முனையில் இருக்கும் பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, தண்டின் பல்லும் தட்டின் துளையும் நேர்ப்படுவதற்காக மெல்ல மெல்லத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இன்னொரு கையை இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தது. "பின்பக்கத்தைத் துளி தூக்குங்க... போதும்... அம்மணி, உன் பக்கம் துளி எறக்கு..." ஸ்பேனர் ஒரு சின்னப் பல் அளவு நகர்ந்தபோது, சளக்கென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் தானாக உள்ளே போய் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது.

"போச்சு!" என்று கத்தினாள் அவள். எங்கள் ஊரில் அதற்குச் சந்தோஷம் என்றும் அர்த்தம் உண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ் வரிசை. ஒன்றாகச் சேர்ந்த இரண்டையும் தூக்கி, காரை முன்னால் தள்ளி, இறக்கி, எஞ்சினைத் தாங்கும் மூன்று மௌண்டுகளிலும் உட்காரவைத்து, மருந்துக் கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டினோம். 'சாப்பாட்டுக்குப் பின்' கவர்கள் தீர்ந்தபோது மணி நாலு. ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. என் கணவருக்கு அதில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

புது எண்ணெய் ஊற்றினோம். ரேடியேட்டரில் தண்ணீரும் கூலண்டும் நிரப்பினோம். முதலில் பெட்ரோல் பற்றாதபடி ஸ்பார்க் ஒயரைக் கழற்றிவிட்டு வெறுமனே செல்ஃப் அடித்து எண்ணெயை மேலே ஏற்ற வேண்டும், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. எண்ணெய்க்கிண்ணிப் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. சற்று விட்டு மறுபடி. எரிந்தது. மறுபடி. எரிந்தது.

என் கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணெய் ஏறல. மறுபடி கழட்டோணும்போல."

நாளை மறுநாள் பள்ளிக்கூடம். முக்காலியை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட, இந்த எஞ்சினையும் நானே கெடுத்துவிடுவேனோ என்ற பயம். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த முறை ஒரு மில்லிமீட்டர்கூட ஓட்டுவதாக இல்லை. பாய்க்குப் போன் போட்டேன். ஆபரேஷன் முடிந்து கண்ணில் மறைப்புக் கட்டியிருந்தார். மகளைவிட்டுப் போனைக் காதில் வைக்கச் சொன்னார்.

"பதறாதீங்க டீச்சரம்மா. வெளக்கு எரியுதுன்னா ரெண்டு காரணம். நெசமாவே எண்ணெய் ஏறல. இல்லாட்டி வெளக்கு பொய் சொல்லுது. எண்ணெய் ஊத்தற மூடியைக் கழட்டுங்க. ஒருத்தரை உள்ள பாக்கச் சொல்லிட்டு நீங்க செல்ஃப் அடிங்க. மேல எண்ணெய் வருதா பாக்கச் சொல்லுங்க."

நாத்தனார் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் குனிந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். இரண்டு நொடி, மூன்று நொடி.

"வருதுங்க! மொகத்துலயே அடிச்சுப்போட்டுது!"

தலையைத் தூக்கினாள். மூக்கிலும் நெற்றியிலும் தேன் நிறத்தில் புது எண்ணெய். அந்த நிறத்தைப்போல் அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை.

போனில் பாய் சிரிப்பது கேட்டது. "அப்ப வெளக்குத்தான் பொய். அதுக்குப் போற ஒத்த ஒயரு எங்கியோ இரும்புல நசுங்கியிருக்கும். தேடுங்க."

தேடினோம். ஒரு பிராக்கெட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் அந்த ஒயர் சிக்கி, தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் லேபிள் ஒட்டாமல் விட்டிருந்தார் என் கணவர். அவரே அதை வெளியே இழுத்து, டேப் சுற்றி, மருந்துக் கவர் ஒன்றைக் கிழித்து லேபிளும் ஒட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்றில் விளக்கு அணைந்தது.

ஸ்பார்க் ஒயரை மாட்டினோம். "அடிங்க நங்கை" என்றாள். அடித்தேன். ஒருமுறை இருமியது, ஒருமுறை குலுங்கியது, பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் பெயின்ட் கருகும் புகை. பிறகு அதுவும் இல்லை. நான் ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலை விட்டுவிட்டேன். எஞ்சின் தானாக, சீராக, தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை இரண்டையும் இடுப்பில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் தப்புக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. "செஞ்சுபோட்டமுங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

கிளச் பிடியின் தளர்வை மட்டும் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது. பிறகு அவளை முன்இருக்கையில் உட்காரவைத்துத் தெருவை மூன்று சுற்று சுற்றினேன். முக்காலிக்காரர் வாசலில் நின்று கைகாட்டினார். வெப்ப முள் நடுவில் போய் நின்று அசையவில்லை. மூன்றாவது சுற்றில் அவள் தூங்கிவிட்டிருந்தாள். நெற்றியில் எண்ணெய் காயாமல் அப்படியே இருந்தது.

பள்ளி திறந்த முதல் வாரம் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. புது எஞ்சினை மெதுவாகத்தான் பழக்க வேண்டும் என்பது பாயின் கட்டளை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். எஞ்சின் எண் மாறியதை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓ ஆபீஸுக்கு இரண்டு தடவை போய்வந்தேன், அதுவும் முடிந்தது. கண் தெளிந்து பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கிளச் கேபிளில் இருந்த கண்மைக் கோட்டைத் தடவிப் பார்த்து, "இந்தக் கோடு யாரு யோசனைங்க? நல்ல வேலைக்காரராச்சே" என்றார். நாத்தனாருக்குப் போன் போட்டு, அதை அவளிடமே சொல்லச் சொன்னேன்.

போன வாரம் பள்ளிக்குப் போகும் வழியில் இரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு வாழைத்தார் லாரி, பின்னால் பஸ். எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கினேன். மழை பெய்து ஓய்ந்த காற்று. நீலகிரிப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. இரயில் போனது. கேட் தூக்கியதும் சாவியைத் திருப்பினேன், லாரிக்குப் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டினேன். தாண்டி வெகுதூரம் போன பிறகுதான், கிளம்பும்போது நான் பயப்படவே இல்லை என்பது உறைத்தது. முதல் மணி எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். பின்னம் தொடங்க வேண்டும்.